ஓர் எழுத்துக் கூடுகிறது, ஓர் எழுத்துக் குறைகிறது: கட்டளைக் கலித்துறையையும் ஹைக்கூவையும் திருத்தும் வழி

தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கும் மாதங்களில், இலங்கை மலையகத்து ஹட்டனில் என் வீட்டு விறாந்தையில் கொப்பிகள் சேர்ந்துவிடும். போட்டி முடிந்தால் இளைப்பாறும் பாடசாலை அதிபர் ஒருவருக்கு வாழ்த்துப்பா வரும். அது போனால் தேயிலைத் தோட்டத்துக் கோயிலின் கும்பாபிஷேக மலருக்கென்று நான்கு பாட்டு வரும். கொண்டுவருபவர் யாராக இருந்தாலும் முறைப்பாடு ஒன்றுதான்: "சேர், எழுத்துக் கணக்கு உதைக்கிறது." ஒரே பிழைகளை வருடக் கணக்கில் திருத்தியதில், எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பது பழகிவிட்டது. அதையே இங்கே எழுதுகிறேன். நேர், நிரை பிரிக்கவும் தேமா, புளிமா சொல்லவும் தெரிந்தவர்களுக்கு இது போதும்.

அளவுகோல் இதுதான். கட்டளைக் கலித்துறைக்கு நான்கு அடி, அடிக்கு ஐந்து சீர். சீர்களுக்கிடையில் வெண்டளை வர வேண்டும்: மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். ('முன்' என்றால் இங்கே 'அடுத்து' என்று பொருள்.) ஐந்தாம் சீர் விளங்காய் (கூவிளங்காய் அல்லது கருவிளங்காய்). மெய்யெழுத்தை நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17. நான்காம் அடி ஏகாரத்தில் முடியும். ஜப்பானிலிருந்து வந்த ஹைக்கூவுக்கு மூன்று வரி: 5, 7, 5 எழுத்து.

சோதிப்பதற்கென்று நானே கட்டிய அடி ஒன்றை வைத்திருக்கிறேன்:

கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் குளிர்மலையில்

கூ, டை (2). சு, ம, து (5). கொ, ழு, து (8). ப, றி, கு (11). கு, ளி, ம, லை, யி (16). நேரில் தொடங்கி 16இல் நிற்கிறது. கீழே வரும் பிழைகள் பெரும்பாலும் இந்த அடியைக் கெடுத்துக் காட்டியவைதான்.

அறிகுறி: எண்ணும் ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது

முதலில் கைத்தொலைபேசியைக் கீழே வையுங்கள். எழுத்தெண்ணும் செயலிகள் பல, திரைக்குப் பின்னால் உள்ள யூனிகோட் குறிகளை எண்ணுகின்றன. 'கொழுந்து' என்பதில் அப்படி எட்டுக் குறிகள் இருக்கின்றன. தமிழ் எழுத்தாகப் பார்த்தால் நான்கு. நமக்கு வேண்டியதோ மூன்று. இந்த ஒரு காரணத்தால் நல்ல அடியை வெட்டிக் கெடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

அடுத்து மெய்யெழுத்து. மடுவத்தில், அதாவது தோட்டத்து நிறுவைக் கொட்டகையில், தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது சாக்கின் எடையைக் கழிப்பது போல, இங்கே மெய்யைக் கழிக்க வேண்டும். ஆய்தமும் அப்படியே. மடுவத்தில் எவ்வளவு கழிப்பது என்பதில் சண்டை வரும். இங்கே சண்டைக்கு இடமே இல்லை. புள்ளி வைத்த எழுத்து எதுவாயினும் எண்ணாதீர்கள். விரல் பழக நம் ஊர்ப் பெயர்களையே சொல்லிப் பாருங்கள். தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை ஒவ்வொன்றும் ஐந்து. மஸ்கெலியா, கொட்டகலை, நானுஓயா நான்கு. பதுளை மூன்று.

மெய்யைக் கழித்த பிறகும் எண் மாறினால் காரணம் சந்தி. எல்லாச் சந்தியும் எண்ணிக்கையை மாற்றாது. 'மலை அகம்' நான்கு, 'மலையகம்' என்று சேர்த்தாலும் நான்கு. இடையில் வரும் யகரம் தனியாகக் கணக்கில் ஏறுவதில்லை. குற்றியலுகரத்தின் முன் உயிர் வந்தால் ஓர் எழுத்து மறைகிறது. 'கொழுந்து எடுத்து' ஆறு, 'கொழுந்தெடுத்து' ஐந்து. ஆகவே எண்ணுவதற்கு முன் அடியைச் சந்தி சேர்த்து ஒரு முறை எழுதிக்கொள்ளுங்கள். அச்சில் பிரித்துப் போடுவது வாசகருக்காக. கணக்கு, சேர்த்து எழுதிய வடிவத்துக்கே.

கடைசியாகத் தோட்டத்துச் சொற்கள். தேயிலைத் தொழிற்சாலையை நம் ஆட்கள் 'ஸ்டோர்' என்கிறார்கள். எழுத்தில் எண்ணினால் ஒன்று. வாயோ 'இஸ்டோர்' என்கிறது, அது இரண்டு. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைக் குறிக்கும் 'லயம்' என்பதும் அப்படித்தான். பழைய முறையில் எழுதுபவர்கள் 'இலயம்' என்று போடுவார்கள். அது ஓர் எழுத்தைக் கூட்டுவதோடு அசையையும் மாற்றிவிடும்.

பனியில் நனைந்த பழைய லயத்தின் படியருகே

நிரையில் தொடங்கிய இந்த அடியில் 17 சரியாக வருகிறது. 'இலயத்தின்' என்று எழுதினால் 18. இரண்டில் எது சரி என்று வாதாட வேண்டியதில்லை. ஒன்றைத் தெரிந்தெடுத்துப் பாட்டு முழுவதும் அதையே வையுங்கள். நான் 'லயம்' என்றே எழுதுகிறேன். அங்கே பிறந்தவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

உங்கள் எண்ணும் முறையே சரிதானா என்ற ஐயம் இருந்தால், அபிராமி அந்தாதியைச் சந்தி பிரிக்காத பதிப்பில் எடுத்து ஒரு பாட்டை எண்ணிப் பாருங்கள். அந்த நூல் முழுவதும் கட்டளைக் கலித்துறை. அங்கே 16, 17 வந்துவிட்டால் உங்கள் விரல் சரி. பிழை உங்கள் அடியில் இருக்கிறது.

அறிகுறி: ஓர் எழுத்துக் குறைகிறது

இந்த இடத்தில் எல்லோரும் செய்யும் தவறு, எங்காவது ஓர் எழுத்தைச் செருகுவது. செய்யாதீர்கள். தளைகள் சரியாக இருந்து, விளங்காய் கடைசிச் சீரில் மட்டும் நின்றால், 16உம் 17உம் கேட்காமலே வந்து சேரும். எண்ணிக்கை பிசகுவது காய்ச்சல் மாதிரி. நோய் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒன்று குறைந்தால் முதலில் கடைசிச் சீரைப் பாருங்கள். அதுதான் எளிதாகச் சரிசெய்யக்கூடியது.

கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் மலைநாட்டில்

'மலைநாட்டில்' புளிமாங்காய். விளங்காய் வர வேண்டிய இடத்தில் மாங்காய் வந்ததால் 15. 'மலையகத்தில்' என்று மாற்றினால் கருவிளங்காய், 16. இன்று நாம் நம்மை அழைத்துக்கொள்ளும் பெயரும் அதுவே. யாப்பும் மனமும் ஒரே சொல்லைக் கேட்கும் இந்த மாதிரி இடம் வாய்த்தால் நான் அன்று முழுவதும் மகிழ்ச்சியாக இருப்பேன்.

கடைசிச் சீர் சரியென்றால், மா முன் நேர் வந்த இடத்தைத் தேடுங்கள்.

கூடை தூக்கிக் கொழுந்து பறிக்கும் குளிர்மலையில்

'கூடை' தேமா. அதன் முன் நிரை வர வேண்டும், 'தூக்' நேராக வந்திருக்கிறது. 15. இதைத் திருத்த ஒரு மாணவன் 'கூடைதான் தூக்கி' என்று கொண்டுவந்தான். டை அங்கே குறுகி ஒலிப்பதால் சீர் கூவிளமாகிறது, தளை சரியாகிறது, 16 வருகிறது. இலக்கணத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெண் கூடையைத் தவிர வேறெதைத் தூக்கப் போகிறாள்? 'தான்' அங்கே ஒன்றையும் சொல்லவில்லை. 'தூக்கி'யை எடுத்துவிட்டு நிரையில் தொடங்கும் சொல்லைத் தேடச் சொன்னேன். 'சுமந்து' வந்தது. தூக்குவது ஒரு கணம். சுமப்பது காலை முதல் கொழுந்து நிறுக்கும் வரை. அடி நிரம்பியது மட்டுமல்ல, சொல்லும் உண்மையானது.

அறிகுறி: ஓர் எழுத்துக் கூடுகிறது

மூன்று காரணங்கள் உண்டு. முதல் இரண்டும் உடன்பிறப்புகள்: விளம் முன் நிரை வந்திருக்கும், அல்லது காய் முன் நிரை வந்திருக்கும்.

கூடை சுமந்தவள் கொழுந்து பறிக்கும் குளிர்மலையில்

'சுமந்தவள்' கருவிளம். அதன் முன் நேர் வர வேண்டும். 'கொழுந்' நிரை. 17 ஆகிவிட்டது. 'சுமந்தவள்' உங்களுக்கு முக்கியம் என்றால் அதை விடாதீர்கள், அடுத்த சீரை மாற்றுங்கள்:

கூடை சுமந்தவள் கொய்து நிறைக்கும் குளிர்மலையில்

'கொய்து' தேமா, அதன் முன் 'நிறைக்' நிரை. 16. பிழையான தளையில் இரண்டு சீர் சம்பந்தப்பட்டிருக்கும். எந்தச் சீரைப் பலி கொடுப்பது என்பது கவிஞரின் முடிவு. பொருளுக்கு வேண்டிய சீரைக் காப்பாற்றி மற்றதை வெட்டுங்கள்.

மூன்றாவது காரணம் கண்ணில் படாது. தளை எல்லாம் சரி, கடைசிச் சீரும் சரி, ஆனாலும் 17. இப்படியான கொப்பி வந்தால் நடுச்சீர்களில் விளங்காய் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

கூடை சுமந்து கொழுந்தெடுப்போர் பாடும் குளிர்மலையில்

'கொழுந்தெடுப்போர்' கருவிளங்காய். காய் முன் நேர் என்ற விதிப்படி 'பாடும்' சரியாகவே நிற்கிறது. எனினும் முதல் நான்கு சீர்களுக்குள் விளங்காய் புகுந்தாலே ஓர் எழுத்து மிகும். அதை மாங்காயாக்க வேண்டும். 'கொழுந்தாய்வோர்' என்றால் புளிமாங்காய், கணக்கு 16. பூ ஆய்வது போலக் கொழுந்து ஆய்வது. கேட்கவும் இதமான சொல்.

இரண்டு எழுத்துக்கு மேல் கூடினால் சீர் சீராகத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். அந்த அடிக்குள் ஒன்றரை அடிக்கான செய்தி இருக்கிறது. அங்கே தேயிலைச் செடிக்குச் செய்வது போலக் கவ்வாத்துதான் வழி: தண்டுவரை வெட்டிவிட்டு, முக்கியமான ஒரு பெயரையும் ஒரு வினையையும் மட்டும் விட்டு, புதிதாகத் துளிர்க்க விடுங்கள். செலவு அதிகந்தான், ஒரு மாலைப் பொழுது போய்விடும். ஒட்டுப்போட்ட அடியை வைத்துக்கொண்டு பாட்டு முழுவதையும் கெடுப்பதைவிட அது மேல்.

அறிகுறி: எண்ணிக்கை சரி, அடி நொண்டுகிறது

என் விறாந்தைக்கு வரும் பிழைகளில் ஆளை அதிகம் ஏமாற்றுவது இதுதான். எழுதியவர் 16 வந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பார். வாசிக்கும்போது நாக்கு தட்டும்.

கூடை தூக்கினர் கொழுந்து பறிக்கக் குளிர்மலையில்

எண்ணுங்கள், 16 வரும். ஆனால் இதில் இரண்டு பிழைகள். 'கூடை' முன் 'தூக்' நேர், அங்கே ஓர் எழுத்துக் குறைந்தது. 'தூக்கினர்' கூவிளம், அதன் முன் 'கொழுந்' நிரை, அங்கே ஓர் எழுத்து மிகுந்தது. ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. எழுத்தை மட்டும் எண்ணி விட்டுவிடுகிறவர்களுக்கு இது என்றும் தெரியாது.

சோதனை எளிது. ஒவ்வொரு சீரின் வாய்பாட்டையும் அடுத்த சீரின் முதல் அசையையும் பென்சிலால் மேலே குறித்து, நான்கு சந்திப்புகளையும் தனித்தனியே பாருங்கள். அடிக்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். எண்ணிக்கை சரியாக வந்த அடிக்கும் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இன்னொரு வகை நொண்டல் அடிகளுக்கு இடையில் வரும். மூன்று அடி 16, ஓர் அடி 17. அந்த அடி தனியே பார்த்தால் சரி. எதுகையைப் பாருங்கள். 'கூடை, ஓடை, மேடை' என்று போன பாட்டில் நான்காவதாக 'விடை' வந்திருக்கும். இரண்டாம் எழுத்து ஒத்தால் போதாது, முதல் எழுத்து நெடிலுக்கு நெடிலாக வர வேண்டும். 'வாடை' என்று தொடங்கினால் எதுகையும் எண்ணிக்கையும் ஒன்றாகச் சீராகும்.

அறிகுறி: பாடினால் சரி, வாசித்தால் பிழை

காதில் நாட்டுப்பாடல் ஏறிய பிள்ளைகளுக்கு இது வரும். அது குறை அல்ல, கொடுப்பினை. ஆனால் மெட்டு இடைவெளியை நிரப்பிவிடும். ஒரு குறிலை மூன்று குறில் நேரத்துக்கு இழுத்தால் குறைந்த எழுத்து காதுக்குத் தெரியாது. வானொலியில் செய்தி வாசிப்பது போல, மெட்டில்லாமல் ஒரு தரம் வாசிக்கச் சொல்லுங்கள். தட்டுகிற இடம் உடனே வெளிப்படும்.

மற்றக் காரணம் பேச்சு வடிவம். மனத்துக்குள் 'வருது' என்று மூன்றாக எண்ணியிருப்பார்கள், தாளில் 'வருகிறது' என்று ஐந்தாக எழுதியிருப்பார்கள். எழுதியதையே எண்ண வேண்டும். பேச்சு வடிவம்தான் வேண்டும் என்றால் பாட்டு முழுவதும் பேச்சாகவே இருக்கட்டும். அப்போது அதற்கு ஏற்ற வடிவம் கலித்துறை அல்ல, தெம்மாங்கு.

மரபுப்பா மலைக்கு அந்நியம் என்று சிலர் சொல்வார்கள். கண்டியில் வாழ்ந்த அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவர் கலம்பகமும் அந்தாதியும் பாடியது இதே மண்ணில்தான். தெம்மாங்கும் கலித்துறையும் இரண்டும் நம்முடையவை. ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளக்கும்போதுதான் பிழை வருகிறது.

அறிகுறி: ஹைக்கூ 5-7-5 வந்துவிட்டது, கவிதை வரவில்லை

தரம் 10 மாணவி ஒருத்தி கொப்பியை நீட்டினாள்:

மலை மீதிலே
பனி அழகாய் விழும்
காலை நேரம்தான்

"சேர், எண்ணிப் பாருங்கள், சரியாக வருகிறது." வந்தது. ஐந்து, ஏழு, ஐந்து. அளவு நிரப்ப வந்த சொற்களின் கீழே கோடு போடச் சொன்னேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, 'மீதிலே', 'அழகாய்', 'நேரம்தான்' என்ற மூன்றின் கீழும் அவளே கோடிட்டாள். மிஞ்சியது மலை, பனி, காலை. நுவரெலியா மாவட்டத்தில் யார் வீட்டு வாசலில் நின்றாலும் தெரிவது.

"வரும் வழியில் என்ன பார்த்தீர்கள் மகள்?"

மடுவத்தைத் தாண்டி வந்ததாகச் சொன்னாள். யார் நின்றார்கள் என்று கேட்டேன். அம்மா நின்றாராம், தராசின் முன்னால், கையை உரசிக்கொண்டு. சொல்லிக்கொண்டே தன் கையையும் உரசிக் காட்டினாள். அரை மணி நேரம் கழித்துக் கொப்பியில் இது இருந்தது:

பனி மூடிய
மடுவத்தில் தராசு
நடுங்கும் கைகள்

மறுபடியும் ஐந்து, ஏழு, ஐந்து. இம்முறை எடுத்துவிடக்கூடிய சொல் ஒன்றுமில்லை.

ஆகவே முதல் சோதனை இந்தக் கோடு போடுவதுதான். 'அந்த', 'ஒரு', 'தான்', 'மிக', 'மீதினிலே' ஆகியவற்றை முதலில் பிடியுங்கள். அவற்றை நீக்கியும் ஏதாவது கண்ணுக்குத் தெரிந்தால் அளவுக்கு ஏற்ற சொல்லை மட்டும் தேடினால் போதும். ஒன்றும் தெரியாவிட்டால் காட்சியே இல்லை. வெளியே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

எதை எண்ணுவது என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. ஜப்பானியர் எண்ணுவது நம் எழுத்தை அல்ல, ஒலியலகை. தங்கள் நாட்டுப் பெயரான 'நிப்பொன்' அவர்களுக்கு நான்கு அலகு: நி, ப், பொ, ன். மெய்யை நீக்கும் நம் கணக்கில் அது இரண்டு. நெடிலையும் அவர்கள் இரண்டாக எண்ணுவார்கள். எனவே தமிழில் 5-7-5 என்பது அவர்களுடைய அளவின் சரிநகல் ஆகாது. பாரதியார் 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார். பின்னர் தமிழில் பெருகிய ஹைக்கூக்களில் பெரும்பாலானவை எழுத்தெண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. போட்டி விதியோ ஆசிரியரோ கேட்டால் எண்ணுங்கள். கேட்காவிட்டால், ஓர் எழுத்துக்காக நல்ல வரியைக் கொல்லாதீர்கள். கட்டளைக் கலித்துறையில் இந்தச் சலுகைக்கு இடமில்லை. அங்கே எண்ணிக்கை போனால் வடிவமே போய்விடும்.

எப்போது பண்டிதரைத் தேட வேண்டும்

ஒரே அடியை மூன்று முறை புதிதாகக் கட்டியும் தளை சரிவரவில்லையா, நிறுத்துங்கள். அளபெடையோ குற்றியலிகரமோ வந்து, அதை எண்ணுவதா விடுவதா என்ற கேள்வி எழுந்தால், ஊகித்து முடிவெடுக்காதீர்கள். சீர் பிரிக்கும்போது ஒரு சொல் இரண்டாக உடைந்து பொருள் கெடுகிறதென்றால் அது வகையுளி. எந்த உடைப்பைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக்கூடாது என்பது பல்லாயிரம் அடிகளைக் கேட்ட காதுக்குத்தான் தெரியும்.

எண்ணிக்கை, தளை, எதுகை எல்லாம் சரியென்று நீங்களே உறுதியாக நம்பினாலும் கேட்டே தீர வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு: பாட்டு கல்லில் வெட்டப்படும்போது, நினைவு மலரில் அச்சாகும்போது, வாழ்த்துப்பாவாகச் சட்டம் போடப்படும்போது. கொப்பியில் உள்ள பிழையை அழித்துவிடலாம். கோயில் வாசலில் வெட்டிய பிழையை நான்கு தலைமுறை வாசிக்கும். ஒரு தோட்டத்துக் கோயிலில் அப்படி வெட்டிய அடி ஒன்றில், 'கொழுந்து எடுத்து' என்று பிரித்தே வெட்டிவிட்டார்கள். ஒவ்வொரு திருவிழாவிலும் அந்த இடத்தில் என் நாக்கு தட்டுகிறது.

தமிழில் பட்டம் பெற்றவர் என்பதற்காக ஒருவரிடம் போகாதீர்கள். யாப்பில் தாமே பாடுகிறவரிடம் போங்கள். தொலைபேசியில் வாசித்துக் காட்டுவது போதாது, நேரில் போக வேண்டும். போகும்போது பாட்டை மூன்று விதமாக எழுதி எடுத்துப் போங்கள்: சந்தி சேர்த்து ஒன்று, சீர் பிரித்து ஒன்று, அச்சில் வர வேண்டிய வடிவில் ஒன்று. சீர் பிரித்த தாளில் அசைக் குறிகளைப் பென்சிலால் போட்டு, நீங்கள் ஐயப்படும் இடத்தை வட்டமிட்டு வையுங்கள்.